கானா மாணவர்களின் கிழமைப் பெயர்: பதிவேட்டில் எப்படி எழுதுவது?

கடைமடை:

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியோட பதிவேடு. ஆண்கள், பெண்கள் ரெண்டு விடுதிக்கும் ஒரே பதிவேடுதான். இந்த வருஷம் கானாவிலிருந்து ஏழு பேர் சேர்ந்திருக்காங்க. மூணு பேர் பெயரில் ‘குவாமே’ வருது, ரெண்டு பேர் பெயரில் ‘கோஃபி’ வருது. அண்ணன் தங்கை ரெண்டு பேர் இருக்காங்க. அப்பா அம்மா ஒண்ணுதான், ஆனா பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் ஆளுக்கொண்ணு. இன்னொருத்தர் பாஸ்போர்ட்டில் ஒரு கிறிஸ்தவப் பெயரும் ‘மென்சா’வும் மட்டும்தான். கூட இருக்கிற பசங்க எல்லாம் அவரை ‘யாவ்’னுதான் கூப்பிடறாங்க.

கேட்டா ‘பிறந்த கிழமை’ங்கறாங்க. அது இனிஷியலா, முதல் பெயரா, செல்லப் பெயரா? எந்தக் கட்டத்துல போடறது? பிறந்த தேதியோட ஒத்துப் பார்க்க வழி உண்டா? தமிழ்ல எப்படி எழுதினா வாட்ச்மேனும் மெஸ்காரரும் சரியா கூப்பிடுவாங்க? ஏற்கெனவே ஒரு அறைக் கதவுல ‘கோபி’ன்னு ஒட்டியாச்சு. தபால்காரர் கும்பகோணத்துப் பையன்னு நினைச்சுட்டிருக்கார்.

குடமுருட்டி:

யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கிற பெயர் இல்லை அது. பிள்ளை எந்தக் கிழமை பிறந்ததோ, அந்தக் கிழமைக்குரிய பெயர் கூடவே வந்துவிடும். கானாவிலும் பக்கத்து ஐவரி கோஸ்டிலும் வாழும் அக்கான் மக்களின் வழக்கம் இது. அசந்தே, ஃபாந்தே, அக்வாப்பிம், அக்கிம், ந்சிமா, பவுலே எல்லாம் அந்தக் குடும்பத்துக் கிளைகள். அவர்கள் பேசும் ட்வி மொழியில் இந்தப் பெயருக்கு ‘க்ராடின்’ என்று பேர். க்ரா என்றால் உயிர், டின் என்றால் பெயர். நியாமே என்கிற கடவுளிடம் விடைபெற்று அந்த உயிர் எந்த நாளில் இங்கே வந்து சேர்ந்ததோ, அந்த நாளின் பெயர்.

அசந்தே வழக்கில்:

ஞாயிறு: ஆண் குவாசி, பெண் அக்கோசுவா
திங்கள்: ஆண் குவாஜோ, பெண் அஜோவா
செவ்வாய்: ஆண் குவாபெனா, பெண் அபெனா
புதன்: ஆண் குவாக்கு, பெண் அக்குவா
வியாழன்: ஆண் யாவ், பெண் யா
வெள்ளி: ஆண் கோஃபி, பெண் அஃபுவா (அஃபியா என்றும் வரும்)
சனி: ஆண் குவாமே, பெண் அமா

ஆண்களுக்கு ஏழே பெயர், பெண்களுக்கு ஏழே பெயர். எட்டு ஆண்கள் ஒரு அறையில் இருந்தால் இரண்டு பேருக்காவது ஒரே பெயர் வந்துதான் தீரும். மூன்று குவாமே இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

கடற்கரை ஓரத்து ஃபாந்தே மக்களிடம் உச்சரிப்பு கொஞ்சம் மாறும். குவாசி அங்கே குவெசி, அக்கோசுவா அங்கே எசி. அக்குவா எக்குவா ஆகும், அஃபுவா எஃபுவா ஆகும். வியாழக்கிழமைப் பெண் யா, அங்கே ஆபா. செவ்வாய்க்கிழமைப் பெண்ணுக்கு அராபா என்ற பெயரும் உண்டு. போதாக்குறைக்கு ஆண்களுக்குத் தனிச் செல்லப் பெயர்கள்: செவ்வாய்க்கு எபோ, வியாழனுக்கு எக்கோவ், சனிக்கு அத்தோ, திங்களுக்கு ஜோஜோ.

விடுதி ஒதுக்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘குவா’, ‘கோ’ என்று தொடங்கினால் ஆண். அ, எ என்று தொடங்கினால் பெரும்பாலும் பெண். ஆனால் எபோ, எக்கோவ், அத்தோ மூன்றும் ஆண் பெயர்கள். எழுத்தை மட்டும் பார்த்து எபோவைப் பெண்கள் விடுதிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இனி உங்கள் கட்டங்களுக்கு வருவோம். ஒருவர் பெயரில் நான்கு அடுக்கு வரை இருக்கலாம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று. கிழமைப் பெயர் ஒன்று. எத்தனையாவது பிள்ளை, இரட்டையா என்று சொல்லும் பெயர் ஒன்று. அப்பா பார்த்து வைத்த பெயர் ஒன்று. இந்த நாலும் எல்லாருக்கும் இருக்காது, வரிசையும் மாறும். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அட்டா அன்னானை எடுத்துக்கொள்ளுங்கள். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை, அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர் (அவருக்கு எஃபுவா என்று இரட்டைச் சகோதரி இருந்தார்), அன்னான் என்றால் நான்காவது பிள்ளை. ஆனால் அந்த அன்னான் அவருடைய அப்பாவுக்கே இருந்த குடும்பப் பெயர். அதை வைத்து இவர் வீட்டில் நாலாவது என்று எழுதினால் தப்பு. உங்கள் மென்சாவும் அப்படித்தான். மூன்றாவது ஆண் பிள்ளை என்று அர்த்தம். அவர் மூன்றாவதா, அவர் தாத்தா மூன்றாவதா என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது.

அண்ணன் தங்கைக்கு வெவ்வேறு கடைசிப் பெயர் வருவதற்குக் காரணம், பெயர் வைக்கும் உரிமை அப்பாவுடையது என்பதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பக்கத்து மூத்தவர் ஒருவரின் பெயரை முழுசாக எடுத்து வைப்பார். மூத்தவனுக்குத் தாத்தா பெயர், இளையவளுக்கு அத்தைப் பாட்டி பெயர் என்று போகும். குலமோ அம்மா வழியில் வருகிறது: ‘அபுசுவா’ என்கிற தாய்வழிக் குலம், அதில் தாய்மாமனுக்குத்தான் பெரிய இடம். குலம் அம்மாவிடமிருந்து, பெயர் அப்பாவிடமிருந்து. ஆகவே கடைசிப் பெயரை வைத்து ‘உறவில்லை’ என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

பதிவேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். நம் பழக்கத்தில் கடைசிப் பெயரைச் சுருக்கி ‘எம். குவாமே’ என்று போடவே கூடாது. அப்படிப் போட்டால் அடையாளம் காட்டுகிற பாகத்தை வெட்டிவிட்டு, ஊரில் ஏழில் ஒருவனுக்கு இருக்கிற பாகத்தை வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ‘அழைக்கும் பெயர்’ என்று பக்கத்தில் ஒரு தனிக் கட்டம் போட்டு யாவ் போன்றவற்றை அதில் எழுதலாம். பாஸ்போர்ட்டில் இல்லாத கிழமைப் பெயரை மற்ற எந்தப் படிவத்திலும் சேர்க்க வேண்டாம்.

அரசலாறு:

தேதி சரிபார்க்கிறது சுலபம். பஞ்சாங்கமும் வேண்டாம், போனும் வேண்டாம். மாத எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கணும்: 144, 025, 036, 146. அதாவது ஜனவரி 1, பிப்ரவரி 4, மார்ச் 4, ஏப்ரல் 0, மே 2, ஜூன் 5, ஜூலை 0, ஆகஸ்ட் 3, செப்டம்பர் 6, அக்டோபர் 1, நவம்பர் 4, டிசம்பர் 6. பன்னிரண்டின் வர்க்கம், ஐந்தின் வர்க்கம், ஆறின் வர்க்கம், கடைசியில் பன்னிரண்டின் வர்க்கத்தோட ரெண்டு.

வருஷத்தின் கடைசி ரெண்டு இலக்கம், அதில் கால் பங்கு (மீதியை விட்டுடுங்க), மாத எண், தேதி, இந்த நாலையும் கூட்டுங்க. 2000க்கு அப்புறம் பிறந்தவங்கன்னா இன்னும் 6 சேருங்க. லீப் வருஷத்து ஜனவரி, பிப்ரவரின்னா 1 கழியுங்க. ஏழால் வகுத்து மீதி பாருங்க. 1 ஞாயிறு, 2 திங்கள், இப்படியே 6 வெள்ளி, 0 சனி.

நாகப்பட்டினம் கரையில் யாருக்கும் மறக்காத தேதியில் சோதிச்சுப் பாருங்க: 26 டிசம்பர் 2004. 4, அதில் கால் 1, டிசம்பர் 6, தேதி 26, அப்புறம் அந்த 6. மொத்தம் 43. மீதி 1, ஞாயிறு. சரியா? கோஃபி அன்னான் 8 ஏப்ரல் 1938: 38, 9, 0, 8, மொத்தம் 55, மீதி 6, வெள்ளி. கானா சுதந்திரம் வாங்கிய 6 மார்ச் 1957: 57, 14, 4, 6, மொத்தம் 81, மீதி 4, புதன். அன்னிக்குப் பிறந்த பையன் எல்லாம் குவாக்கு, பொண்ணு எல்லாம் அக்குவா.

தப்பு வழக்கமா ரெண்டு இடத்துல வரும். உங்க பிள்ளைங்க எல்லாம் 2000க்கு அப்புறம் பிறந்தவங்க. அந்த 6ஐ மறந்தா விடை சரியா ஒரு நாள் தள்ளிப் போயிடும், சனி வர வேண்டியது ஞாயிறு வரும். லீப் வருஷக் கழித்தலை மறந்தாலும் அதே கதை. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னா கணக்கைத்தான் சந்தேகப்படணும், பிள்ளைங்களை இல்லை.

இந்தச் சரிபார்ப்பை ஒரு நாட்டுத் தலைவரே தன் பிறந்த நாளுக்குப் பண்ணியிருக்கார். குவாமே நிக்ரூமா, கானாவின் முதல் பிரதமர், அப்புறம் ஜனாதிபதி. ந்சிமாக்காரர், ங்க்ரோஃபுல் கிராமத்துப் பிறப்பு. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் 21 செப்டம்பர் 1909ன்னு பதிஞ்சு வெச்சார். அது செவ்வாய்க்கிழமை, அப்படின்னா பேர் குவாபெனா ஆகியிருக்கணும். அவர் பிறந்தது செப்டம்பர் நடுவுல ஒரு சனிக்கிழமைங்கறது மட்டும் வீட்டில் உறுதி. அந்த வருஷம் செப்டம்பர் நடுவுக்குக் கிட்டத்துல வர்ற சனி 18ஆம் தேதி. ‘நான் பிறந்தது 18ஆகத்தான் இருக்கணும்’னு சுயசரிதையில் எழுதி வெச்சிருக்கார். 9, 2, 6, 18 கூட்டினா 35, மீதி 0. ஆனா விடுமுறை விடறது என்னவோ இன்னிக்கும் 21ஆம் தேதிதான். காகிதத்துல ஏறினது ஏறினதுதான்.

பாமணி:

நம்ம பக்கமும் பாதி இப்படித்தானே. பெரியசாமி, சின்னசாமி, நடுவுல ஒண்ணு. நாலாவதும் பொண்ணுன்னா ‘போதும்பொண்ணு’. கிழமையில மட்டும் நாம வைக்கிறதில்லை, நட்சத்திரத்துல வைக்கிறோம். அசுவினின்னா சூ, சே, சோ, லா. அவங்களுக்கு எழுத்து மட்டும் கிடையாது, பேரே ரெடியா வந்துடுது. புரோகிதருக்கு வேலை மிச்சம்.

இன்னொண்ணும் அப்படியே இருக்கு. பிள்ளை தங்காத வீட்ல அடுத்த பிள்ளையைக் குப்பையில போட்டு எடுத்து குப்புசாமி, குப்பம்மாள்னு வைப்பாங்க. பிச்சைன்னு வைப்பாங்க. தவிட்டுக்கு வித்து வாங்குவாங்க. அக்கான் வீட்லயும் அதே கணக்கு: ‘சுமினா’ன்னு ஒரு பேர், குப்பைமேடுன்னு அர்த்தம். ‘டொன்கோ’ன்னா அடிமை. ‘பெஜினா’ன்னா வந்து நில்லு, தங்கிடுன்னு அர்த்தம். கேவலமான பேர் வெச்சா எமன் திரும்பிப் பார்க்க மாட்டான்கற நம்பிக்கை அங்கயும்தான். இந்த மாதிரிப் பேரைப் பாஸ்போர்ட்ல பார்த்தா அர்த்தம் கேட்டுச் சிரிக்காதீங்க. பின்னால ஒரு அம்மாவோட அழுகை இருக்கும்.

வெண்ணாற்றங்கரை:

கிழமைக்கு ஒரு குணம் உண்டு என்றும் அவர்கள் சொல்வார்கள். திங்கள் பிறந்த குவாஜோ அமைதியானவன். ‘ஜோ’ என்ற வேருக்கே ட்வியில் ஆறுதல், குளிர்ச்சி என்று பொருள். புதன் பிறந்த குவாக்கு துடுக்கு. அவர்கள் கதைகளில் எல்லாரையும் ஏமாற்றுகிற சிலந்தியின் முழுப்பெயர் குவாக்கு அனான்சே, அதுவும் புதன்காரன்தான். 1954இல் குஸ்டாவ் யஹோடா என்ற உளவியலாளர் குமாசியில் பள்ளிப் பதிவுகளையும் சிறார் நீதிமன்றப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்ததில், சண்டை சச்சரவு வழக்குகளில் குவாக்குகள் எண்ணிக்கை கூடுதல், குவாஜோக்கள் குறைவு.

பொருளுக்கும் கிழமைப் பெயர் உண்டு. அசந்தே அரசின் உயிராக நினைக்கப்படும் தங்க இருக்கையின் பெயர் ‘சிகா ட்வா கோஃபி’, வெள்ளிக்கிழமைத் தங்க இருக்கை. ஒக்கோம்ஃபோ அனொச்சே என்ற பூசாரி அதை வானத்திலிருந்து அசந்தே அரசர் ஒசேய் டூட்டுவின் மடியில் இறக்கினார் என்பது ஐதீகம். 1900இல் அந்த இருக்கையைக் கொண்டுவா என்று ஆங்கிலேய கவர்னர் கேட்டபோது படை திரட்டியவர் எஜிசு ஊரின் ராணித்தாய் யா அசந்தேவா. பெயரிலேயே வியாழக்கிழமை.

பூமித்தாய்க்கும் வியாழன்தான், அசந்தே வழக்கில் ‘அசாசே யா’. ஃபாந்தேக்களுக்கு அவள் வெள்ளிக்கிழமைக்காரி, ‘அசாசே எஃபுவா’. அவளுடைய கிழமையில் மண்ணில் மண்வெட்டி போட மாட்டார்கள். அமாவாசையன்று நம் பக்கம் ஏர் பூட்டாத மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குச் செவ்வாய் ஒதுக்கம்; அன்று கானா கரையில் பெரும்பாலும் மீன்பிடிக்க வள்ளம் இறங்காது.

கடைமடை:

அரசலாறு சார், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு பேருக்கு அச்சா பொருந்துது, யாவ் உட்பட. அந்தத் தங்கைக்கு மட்டும் ஒத்து வரலை. பெயர் அபெனா. பிறந்த தேதி 14 மார்ச் 2005. 5, 1, 4, 14, 6, மொத்தம் 30, மீதி 2, திங்கள். அஜோவான்னுதானே வரணும்? தேதி தப்பா? அலுவலகத்துல சொல்லித் திருத்தச் சொல்லணுமா?

வெண்ணாற்றங்கரை சொன்ன குணக் கணக்கைப் படிச்சுட்டு எங்க வார்டன் ‘நல்லவேளை நம்மகிட்ட குவாக்கு இல்லை’ங்கறார்.

குடமுருட்டி:

திருத்தச் சொல்லாதீர்கள். கை வைக்கவே வேண்டாம்.

மேலே சொன்னேனே, மூத்தவரின் பெயரை முழுசாக எடுத்து வைப்பார்கள் என்று. அந்த மூத்தவரின் கிழமைப் பெயரும் சேர்ந்தே வந்துவிடும். அபெனா என்ற பாட்டியின் பெயரைத் திங்களில் பிறந்த பேத்திக்கு வைத்தால் பாஸ்போர்ட்டில் அபெனா, வீட்டில் அஜோவா. சிலருக்கு இரண்டு கிழமையும் ஒரே பெயரில் நிற்கும். இப்படிப் பாட்டன் பாட்டி பெயர் கொண்ட பிள்ளையை ‘நானா’ என்று அழைப்பார்கள். நானா என்பது பெரியவர்களுக்கும் தலைவர்களுக்கும் உரிய மரியாதைச் சொல். மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று ‘தம்பி’ என்றே கூப்பிடுகிற மருமகள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெயர் முன்னால் ‘நானா’ என்று இருந்தால் அதுதான் முதல் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிழமை பொருந்தாததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நள்ளிரவை ஒட்டிய பிறப்பு என்றால் ஒரு நாள் முன்பின் ஆகும். நமக்கே வெள்ளி பின்னிரவு 3 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் வெள்ளி, சான்றிதழில் சனி. சூரிய உதயம் வரை பஞ்சாங்கத்துக்கு முந்தின கிழமைதான். பிறந்த நாளை விட்டுப் பதிந்த நாளை எழுதுகிற கோளாறு எல்லா ஊரிலும் உண்டு. நாளைக்கே ஐவரி கோஸ்டிலிருந்து பவுலே மாணவர் வந்தால் கணக்கே வேறு. அங்கே எல்லாம் ஒரு நாள் தள்ளி: குவாசி திங்களுக்கு, கோஃபி சனிக்கு, குவாமே ஞாயிறுக்கு. டோகோவிலும் கானாவிலும் வாழும் எவே மக்களும் இந்தப் பெயர்களை வைக்கிறார்கள். கிழமை மாறாது, உருவம் மாறும். சனிக்கு குவாமி, திங்களுக்கு கோஜோ, பெண்ணுக்கு அஜோ, யாவா, அஃபி என்று.

ஆக, கிழமைக் கணக்கு பொருந்தினால் சந்தோஷம். பொருந்தாவிட்டால் அது எதற்கும் அத்தாட்சி இல்லை. அரசலாறு சொன்ன முறை சந்தேகம் தீர்க்க உதவும், சான்றிதழைத் திருத்த உதவாது.

வெண்ணாற்றங்கரை:

வார்டனிடம் சொல்லுங்கள்: சின்ன வயசிலிருந்து ‘நீ புதன்காரன், முரடன்’ என்று ஊரே சொல்லிச் சொல்லி வளர்த்தால் பிள்ளை என்ன ஆவான் என்பதுதான் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது. புதன்கிழமையில் ஒன்றும் இல்லை. நம் பக்கம் மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறோமே, அந்த ரகம். குவாக்கு வந்தால் தாராளமாக அறை கொடுக்கச் சொல்லுங்கள்.

பாமணி:

தமிழ் எழுத்துக்கு யாரும் பதில் சொல்லலையே. நான் சொல்றேன்.

கோஃபிக்கு ஆய்தம் கட்டாயம். இல்லேன்னா கோபிதான், கோபிநாத்தான். அஃபுவா, எஃபுவாவுக்கும் அதேதான். ‘அகோசுவா’ன்னு ஒத்தைக் ககரம் போட்டா நம்ம ஆளு ‘அஹோசுவா’ன்னு வாசிப்பான், அதனால அக்கோசுவா, அக்குவா, குவாக்குன்னு ரெட்டிக்கணும். அபெனா, குவாபெனாவுக்கு மாறா ஒத்தைப் பகரம்தான் சரி, நடுவுல வர்றதால தானா மெல்லிசா ஒலிக்கும். ரெட்டிச்சா கெட்டுடும். ஆங்கிலத்துல ‘டி டபிள்யூ’ன்னு எழுதியிருக்கும், அதை ‘த்வ’ன்னு இழுக்காதீங்க, ஜகரம் போதும்: குவாஜோ, அஜோவா. யாவ் ஆண், யா பெண், வகர ஒற்றை விட்டுட்டா ஆளே மாறிடும். சனிக்கிழமைப் பொண்ணு அமா. நெடிலாக்கி ‘ஆமா’ன்னு எழுதி, வருகைப் பதிவுல கூப்பிட்டுப் பாருங்க, வகுப்பே ‘என்ன ஆமா?’ங்கும்.

முக்கியமான ஒண்ணு. குவாசிங்கற பேர் வந்தா, ‘வந்தது குவாசியா?’ன்னு மட்டும் கேட்காதீங்க. நம்ம கேள்வி ஆகாரம் சேர்ந்தா அது அவங்க காதுல ட்வி வசவா விழும், முட்டாள்னு அர்த்தம். ‘குவாசிதானே வந்தது’ன்னு கேளுங்க. மெஸ்ல பரிமாறுறவங்களுக்கும் சொல்லி வெச்சுடுங்க.

அரசலாறு:

‘குவாசியா’ விஷயம் சத்தியமான வார்த்தை.

எழுத்துக்கூட்டல் பத்தி ஒண்ணு. பழைய ஆங்கிலக் காகிதங்கள்ல இதே பேரெல்லாம் வேற வேஷத்துல வரும். ஜமைக்காவுக்கு அடிமையாக் கொண்டுபோன அக்கான் மக்களோட பேர் அங்க குவாஷி, கட்ஜோ, கஃபீன்னு ஆகிப் போச்சு. மலைக்குள்ள தப்பிச்சுப் போய் ஆங்கிலேயரோட சண்டை போட்டு 1739இல் உடன்படிக்கை வாங்கின தலைவர் கட்ஜோ. அதுவும் குவாஜோதான், திங்கட்கிழமை. கரீபியன் மாணவர் யாராவது இந்தக் கடைசிப் பெயரோட வந்தா அது குடும்பப் பெயரா உறைஞ்சு போனது. அதை வெச்சுக் கிழமைக் கணக்குப் போடாதீங்க.

கடைமடை:

குறிச்சுக்கிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. கணிதத் துறையில் ஆராய்ச்சி பண்ற கானாக்காரர் ஒருத்தர் குடும்பத்தோட வெளியில் வீடு எடுத்திருக்கார். வெள்ளிக்கிழமை காலையில் ஆண் குழந்தை. எட்டாம் நாள் பெயர் சூட்டுறாங்களாம், விடுதி ஹாலைக் கேட்கிறார். எட்டு நாள்னா அடுத்த சனிக்கிழமைதானே? ஹால் புக் பண்ணணும். மெஸ்ல என்ன ஏற்பாடு செய்யணும்?

குடமுருட்டி:

சனிக்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை. பிறந்த நாளையும் சேர்த்து எண்ணுவார்கள். நம் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்து எண்ணுகிற மாதிரி. ட்வியில் வாரத்துக்கே ‘எட்டு நாள்’ என்றுதான் பெயர். பிறந்த கிழமையே திரும்பி வருவதுதான் சடங்கின் உயிர்: கோஃபிக்கு வெள்ளியில்தான் நடக்கும். தேதியோடு 7 கூட்டுங்கள், 8 கூட்டினால் ஹால் ஒரு நாள் தவறிப்போகும்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் செய்வார்கள், முகூர்த்தம் மாதிரி சாவகாசமாக 9 மணிக்கு ஹாலைத் திறந்தால் ஆகாது. 5 மணிக்கே சாவி கையில் இருக்கட்டும். எட்டு நாள் வரை பிள்ளை வந்துபோகிற விருந்தாளி என்ற எண்ணம். தங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வெளியே கொண்டுவந்து பெயர் சூட்டுவார்கள். கோஃபி என்பது போன வெள்ளியே வந்துவிட்டது. இன்று சூட்டுவது அப்பா கொடுக்கிற பெயரை.

சாமான் அதிகம் வேண்டாம். இரண்டு சின்ன டம்ளர்: ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஜின் அல்லது வேறு மது. குடும்பத்துப் பெரியவர் பிள்ளையை மடியில் வைத்து, விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் ஒரு சொட்டு வைத்து, ‘தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல்’ என்பார். அடுத்து மதுவைத் தொட்டு வைத்து ‘மது என்றால் மது என்று சொல்’ என்பார். மாற்றி மாற்றி மூன்று முறை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல் தெளிவாகத்தான் இருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல் என்பது பொருள். அதனால்தான் டம்ளர் நிறமில்லாததாக இருக்க வேண்டும், எவர்சில்வர் வேண்டாம். விடுதி வளாகத்தில் மது கூடாது என்று விதி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேவாலயம் போகிற குடும்பங்கள் பல, மதுவுக்குப் பதில் தேனோ உப்போ வைத்தும் செய்கிறார்கள். அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

மெஸ்ஸில் காலை டிபன் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னால் போதும். வருகிறவர்கள் குழந்தைக்குப் பணமோ பொருளோ கொடுப்பார்கள். வார்டன் ஒரு மொய் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார வேண்டாம்.

கடைமடை:

வெள்ளிக்கிழமை 5 மணிக்கு ஹால் சாவி வாட்ச்மேன்கிட்ட. கதவுல கோபியைக் கிழிச்சுட்டு கோஃபி ஒட்டியாச்சு. மூணு குவாமேக்கும் ‘அழைக்கும் பெயர்’ கட்டத்துல ஆளுக்கொண்ணு கேட்டு எழுதினோம். ஒருத்தர் ஃபாந்தேக்காரர், அத்தோன்னு எழுதச் சொன்னார். வாட்ச்மேன் அதை ‘ஆட்டோ’ன்னு எழுதி வெச்சிருக்கார். நேத்து ராத்திரி 11 மணிக்கு யாரோ அந்தக் கதவைத் தட்டி, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. தகரத்தை ரெட்டிச்சு மறுபடி எழுதச் சொல்லியிருக்கேன்.